காத்திருப்பது நீங்கள், பசி யாருக்கு?

அன்புள்ள மேடம்,

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். அப்பா போனதிலிருந்து அல்சூர் வீடு முழுக்க அண்ணன் கையில்தான், மாடி வாடகையும் அவருக்கே. கல்யாணத்துக்குப் போட்ட நகைதான் என் பங்காம், அண்ணி சொல்கிறார். அந்த நகையிலும் பாதியை அண்ணன் கடை வைக்க வாங்கிப்போனார், அது வேறு கதை. என் வீட்டுக்காரர் வக்கீலைப் பார் என்கிறார். நானோ 'கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார். நீங்கள் சும்மாயிருப்பீர்கள்' என்ற யாத்திராகமம் 14:14ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சாமுவேல் தீர்க்கதரிசி வருவதற்குள் அவசரப்பட்டு பலி செலுத்தி, சவுல் ராஜா ராஜ்யத்தையே இழந்தானே. அம்மாவும் பாவம், சுகர் மாத்திரை தீர்ந்தாலும் கேட்கக் கூச்சப்படுகிறார், அண்ணன் கடைக்குப் போனபின் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார், நான் கூப்பிட்டால் 'சாப்பிட்டியா' என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். ஆனால் அண்ணன் ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கலாம் இல்லையா? வாடகையில் பாதியாவது தந்திருக்கலாம். நான் காத்திருப்பது விசுவாசமா, கோழைத்தனமா? சபையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அன்புள்ள சகோதரி,

வாடகையை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் மாத்திரைக்கு ஒரே வாக்கியம், அதுவும் 'பாவம்' என்று சொல்லிவிட்டு உடனே அண்ணனிடம் தாவிவிட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த வாக்கியம்தான்.

சவுலைச் சொன்னீர்கள், தாவீதையும் பாருங்கள். என்கேதி குகையில், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் கைக்கெட்டும் தூரத்தில் வந்தும் சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிட்டான். சிங்காசனம் தனக்கு வரவேண்டியதுதான், ஆனாலும் காத்திருந்தான், அந்தக் காத்திருப்பில் குகையில் படுத்துக் கஷ்டப்பட்டவனும் அவனேதான். அதற்கு முந்தைய அதிகாரத்தில், 1 சாமுவேல் 23இல், கேகிலா ஊரின் களஞ்சியங்களை எதிரிகளான பெலிஸ்தர் கொள்ளையிடுகிறார்கள் என்று சேதி வருகிறது. தானே உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்தவன் கர்த்தரிடம் விசாரிக்கிறான், கூட இருந்தவர்கள் பயப்படவே மறுபடி விசாரிக்கிறான், உடனே கிளம்பிவிடுகிறான். தன் உரிமைக்குப் பொறுத்தவன் அடுத்தவர் தானியத்துக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் பங்குக்காகக் காத்திருந்தால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். (அப்பா உயில் எழுதவில்லை, பிள்ளைகள் நீங்கள் இருவர்தான் என்றால், 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி உங்கள் இருவருக்கும் சமமாக. மாத்திரை கேட்கக் கூசுகிறவரும் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்தான்.) ஆனால் அம்மா விஷயத்தில் நீங்கள் காத்திருப்பதற்கு விலை கொடுப்பது அவர். கடிதத்தில் எங்குமே நீங்கள் அல்சூருக்குப் போனதாக இல்லையே, ஆட்டோவில் போகிற தூரம்தானே? போனால் சொத்துக்காக வந்தாள் என்று அண்ணி நினைப்பாரோ என்ற பயம், இந்த வீட்டு வாசலை இனி மிதிக்கக்கூடாது என்ற ரோஷம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வசனத்தைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த வாரமே மாத்திரை வாங்கிக்கொண்டு போங்கள். வாடகை பற்றி அன்றைக்கு வாயே திறக்காதீர்கள். டாக்டர் சீட்டை வாங்கிப் பாருங்கள், கடைசியாக எப்போது சுகர் பார்த்தது என்று அண்ணன் எதிரிலேயே கேளுங்கள். அப்புறம், கொஞ்ச நாள் உங்களோடு வந்து இருக்கிறாரா என்று கேளுங்கள், அதை அண்ணனிடம் அல்ல, அம்மாவிடம்.