கண்டதாம், கீறினதாம்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

நான் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். மட்டக்களப்பு இளைஞர்களிடம் சமூக ஊடகங்கள் ஏற்படுத்தும் தாக்கம் பற்றி ஆய்வு செய்கிறேன். 120 பேருக்கு நானே நேரில் போய் வினாக்கொத்துக் கொடுத்தேன். முகநூலாலும் டிக்டொக்காலும் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்றே அநேகமானோர் குறித்திருக்கிறார்கள். 14 பேர் மட்டும் "ஒரு தாக்கமும் இல்லை" என்று எழுதிவிட்டு மற்றக் கேள்விகளை வெறுமையாக விட்டிருந்தார்கள். அவற்றைப் பயனில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். 120 பேர் போதுமா? இரண்டு விடயங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கைவர்க்கச் சோதனை (chi-square) பொருந்துமா? ஊடகச் செய்தி தோட்டாவைப்போல எல்லோரையும் நேரே தாக்கும் என்கிற மாயத் தோட்டாக் கோட்பாட்டை அறிமுகத்தில் எழுதலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மகள்,

எத்தனை பேர், எந்தச் சோதனை என்பதை உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். மாயத் தோட்டாவை எழுதினாலும் சரி, விட்டாலும் சரி. "ஒதுக்கி வைத்துவிட்டேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. போன மாதம் பழைய பெட்டியைத் துப்பரவாக்கும்போது 2011ஆம் ஆண்டுக் கொப்பி ஒன்று அகப்பட்டது. அன்றிலிருந்து மனதில் கிடந்த விடயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

2011 ஓகஸ்ட், கிறீஸ் பூதம் காலம். உங்களுக்கு அப்போது சின்ன வயதாக இருந்திருக்கும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான், பிடித்தால் வழுக்குகிறான் என்று கிழக்கு முழுக்க ஒரே பேச்சு. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரியம்மா வீட்டில் நின்றேன். பொழுது படுமுன் கதவு சாத்தினார்கள். ஐந்தாறு வீட்டுப் பெண்கள் ஒரே அறையில் படுத்தார்கள். பொடியன்கள் தடியும் டோர்ச்சுமாகச் சந்தியில் விடிய விடிய நின்றார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான். அந்தப் பயத்துக்கு முப்பது வருட வேர் இருந்தது. எல்லாம் வதந்தி என்று சொல்ல நான் வரவில்லை. சில ஊர்களில் ஆட்களைத் துரத்தியும் இருக்கிறார்கள், பொலிசில் முறைப்பாடுகளும் நடந்தன. நான் இருந்த அந்த ஒரு ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விடிந்ததும் கொப்பியோடு வீடு வீடாகப் போனேன். "நான் காணல்ல தம்பி, அங்கால வீட்டுப் பிள்ளைதான் கண்டதாம்." அங்கால வீட்டுக்குப் போனால், "எங்கட பிள்ளை இல்ல, சந்தியடியில ஒரு பிள்ளையக் கீறினதாம்." சந்தியடியில் கேட்டால் அது அடுத்த ஊரில் நடந்ததாம். கொப்பி முழுக்கக் கண்டதாம், கீறினதாம் என்று முடியும் "ஆம்". நம்முடைய தமிழில் அந்த ஒரு விகுதி போதும், சொல்பவர் தன்னைக் கழற்றிக்கொண்டு செய்தியை மட்டும் நம் கையில் தந்துவிடலாம்.

உங்கள் வினாக்கொத்தைப் பாருங்கள். "இளைஞர்கள் பாதிக்கப்படுகிறார்களா?" இளைஞர்கள் என்றால் யார்? படர்க்கை. பதில் சொல்பவர் அயல்வீட்டுப் பொடியனை நினைத்துக்கொண்டு ஓம் என்று கோடு போடுகிறார். அந்தப் பொடியனைக் கேட்டால் அவன் இன்னொருவனைக் காட்டுவான். ஊடகம் தன்னைவிட மற்றவர்களைத்தான் அதிகம் ஆட்டிவைக்கிறது என்று மனிதர்கள் நினைப்பதை டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் எழுதினார். மூன்றாம் ஆள் விளைவு என்று அதற்குப் பெயர். நீங்கள் அளந்திருப்பது அதைத்தான். ஊடகத்தைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை அளந்துவிட்டு, ஊடகத்தின் தாக்கத்தை அளந்தேன் என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம் மகள், இது பிழை. சின்னப் பிழையும் இல்லை.

அதைவிடப் பெரிய பிழை அந்த 14.

1938 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு அமெரிக்க வானொலியில் செவ்வாய்க் கிரகத்தார் வந்து இறங்கியதுபோல ஒரு நாடகம் போனது. செய்தி என்று நம்பிப் பலர் பயந்தார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 135 பேரைச் சந்தித்து விரிவாகக் கேட்டார். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கேட்டவர்கள் ஏறத்தாழ 60 இலட்சம், பயந்தவர்கள் 12 இலட்சமளவில் என்றும் அவரே கணக்கிட்டார். அப்படியானால் மிச்சப் பேர்? வேறு நிலையத்துக்குத் திருப்பிப் பார்த்தவர்கள், பத்திரிகையில் நிகழ்ச்சி விபரத்தைத் தேடியவர்கள் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஆனாலும் அமெரிக்கா முழுக்கத் தெருவில் ஓடியது என்பதுதான் உலகத்தின் நினைவில் நிற்கிறது. ஓடாதவனிடம் போய்க் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கும் தோன்றவில்லை. கொப்பியில் பயந்தவர்கள் 23 பேருடைய கதை இருக்கிறது. அத்தனை நாளும் வெளித் திண்ணையில் தனியாகப் பாய் விரித்துப் படுத்த பெரியம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே வந்து படுக்கச் சொல்லிப் பெண்கள் ஏசினார்கள். "பேசாமப் படுங்க மனே" என்றார், அவ்வளவுதான். அதே செய்தி அவர் காதிலும் விழுந்தது. அதே யுத்தத்துக்குள்தான் அவரும் இருந்தார். ஒரு மகனைப் பறிகொடுத்தவர். அவருக்கு ஏன் பயம் வரவில்லை? அல்லது வந்தும் ஏன் வெளியே படுத்தார்? பக்கத்தில் இருந்து அவர் தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதையை எழுதினேன். பெரியம்மா இப்போது இல்லை. இனி யாரிடம் கேட்பேன்?

இதைச் சொல்வதால் முகநூலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுக்காதீர்கள். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். கறியில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று இரசாயனப் பகுப்பாய்வில் தெரிந்தது. அதற்குள் அது பற்றிய வீடியோ ஒன்று முகநூலில் நாடு முழுக்கப் பரவி முடிந்திருந்தது. அந்த ஆண்டு வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது. தாக்கம் உண்டு. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்த எல்லோரும் தெருவில் இறங்கவில்லையே. இறங்கியவனையும் இறங்காதவனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வீடியோ எது செய்தது, வேறு எது செய்தது என்று பிரிக்கலாம்?

அந்தப் 14 படிவங்களையும் எறிந்துவிடவில்லையே? நீங்களே கையில் கொடுத்ததால் ஆளைத் தெரியும். சம்மதித்தால் போய் இருந்து பேசுங்கள். வினாக்கொத்து வேண்டாம், கொப்பி கொண்டுபோங்கள். நேற்றிரவு போனில் கடைசியாக என்ன பார்த்தீர்கள், பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். கண்டதாம், கேட்டதாம் என்று "ஆம்" போட்டுப் பேசினால் எழுதாமல் இருங்கள். "நான்" என்று தொடங்கும்போது எழுதுங்கள். 14 பேர்தானே, இரண்டு கிழமை போதும்.