அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஓர் இளம் நட்சத்திரம் நீடிப்பாரா?

முதல் ஒப்பந்தம் முடிந்ததுமே அவர் போய்விடுவார் என்ற ரசிகர்களின் அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டின் முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் ஒப்பந்தம் 4 ஆண்டுகள் வரை நீளும். அதன் முடிவில் வேறோர் அணி அவரைக் கேட்டு வந்தாலும், அதே தொகையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளும் உரிமையைப் பழைய அணி பெற முடியும். 5 ஆண்டு ஒப்பந்தத்தைச் சொந்த அணி மட்டுமே தர முடியும் என்பதால், அதை மறுக்கும் இளைஞர் அரிது.

உண்மையான சோதனை இரண்டாவது ஒப்பந்தத்தின் நடுவில்தான் வருகிறது என்பது என் கருத்து. நியூ ஆர்லியன்ஸ் அணி 2012 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த அந்தோனி டேவிஸ், 2015-இல் நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டார். ஆனால் 7 பருவங்களில் இருமுறை மட்டுமே பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றைக் கண்ட அவர், ஒப்பந்தம் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, 2019 ஜனவரியில் வேறு அணிக்கு மாற்றக் கோரினார். அதைப் பகிரங்கமாகக் கேட்டதற்காக அவருக்கு 50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. லேக்கர்ஸ் அணிக்குச் சென்ற முதல் பருவத்திலேயே கோப்பையையும் வென்றார்.

எனவே தோல்விகளின் எண்ணிக்கையைவிட, நிர்வாகம் யாரைத் துணைக்குச் சேர்க்கிறது என்பதையே கவனிக்க வேண்டும். யானிஸ் அன்டெடோகூன்போ ஆடிய முதல் பருவத்தில் அவரது மில்வாக்கி அணி 82 ஆட்டங்களில் 15-ஐ மட்டுமே வென்றது. ஆயினும் அனுபவ வீரர் ஜ்ரூ ஹாலிடே துணைக்கு அணிக்கு வந்த சில வாரங்களில், 2020 டிசம்பரில், யானிஸ் அதே அணியுடன் மீண்டும் கையெழுத்திட்டார், அடுத்த ஆண்டே பட்டமும் வந்தது.