எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு ஐந்தாம் படிவத்தோடு சரி. ராத்திரியில் யூடியூப்பில் குவாண்டம் இயற்பியல் பார்க்கிறேன். பூனை செத்தும் இருக்கிறது, உயிரோடும் இருக்கிறது என்கிறார் ஒருவர். நாம் பார்த்தால்தான் நிலாவே இருக்கும் என்கிறார் இன்னொருவர். ஆசையும் விடவில்லை, குழப்பமும் தீரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கணக்கு தெரியாமல் இது புரியுமா?

பதில்: ஐயா, பூனையையும் நிலாவையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். கடைசியில் வர வேண்டிய விவாதத்தை முதலில் கேட்டால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

சில உலோகங்களின் மேல் வெளிச்சம் பட்டால் எலெக்ட்ரான்கள், அதாவது அணுவுக்குள் இருக்கும் நுண்துகள்கள், வெளியே வரும். வெளிச்சம் வெறும் அலை என்றால், எந்த நிறமாக இருந்தாலும் பிரகாசத்தைக் கூட்டக் கூட்ட அவை வந்துதானே ஆக வேண்டும்? வரவில்லை. சீசியம் என்ற உலோகத்தின் மேல் சிவப்பு வெளிச்சத்தை எவ்வளவு கொட்டினாலும் ஒன்றும் நடக்காது, மங்கலான நீல வெளிச்சம் பட்டால் போதும், எலெக்ட்ரான் கிளம்பிவிடும். 1905இல் ஐன்ஸ்டைன் சொன்ன விளக்கம் இது: வெளிச்சம் தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது, ஒரு எலெக்ட்ரானுக்கு ஒரு பொட்டலம்தான் கிடைக்கிறது, அந்த ஒன்றில் ஆற்றல் போதவில்லை என்றால் கோடிப் பொட்டலம் வந்தும் பயனில்லை. இதை நம்பாத மில்லிகன் என்ற இயற்பியலாளர் அமெரிக்காவில் பல வருடம் உட்கார்ந்து அளந்தார். 1916இல் அவர் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டோடு அப்படியே பொருந்தின.

இதற்கான கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு, 1240ஐ நானோமீட்டரில் உள்ள அந்த அலைநீளத்தால் வகுத்தால், ஒரு பொட்டலத்தின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட் என்ற சிறிய ஆற்றல் அலகில் கிடைக்கும். சிவப்புக்கு 650 என்று வைத்தால் 1.9 வரும். நீலத்துக்கு 450 என்றால் ஏறக்குறைய 2.8. சீசியத்திலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 2.1 வேண்டும். மாதா மாதம் செக்ரோல் (கூலிப் பட்டியல்) கணக்கு முடித்தவர் நீங்கள், இதை ஒரு தாளில் கையால் போட்டுப் பாருங்கள், பத்து வீடியோ பார்த்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். கேஎஸ்எஸ்எம் (நம் இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம்) ஐந்தாம் படிவ இயற்பியல் பாடநூலின் கடைசிப் பாடமே குவாண்டம் இயற்பியல்தான், இந்தச் சோதனை அதில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எஸ்பிஎம் முடித்த பிள்ளை இருந்தால் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள்.

அப்புறம்தான் எலெக்ட்ரானுக்கு வர வேண்டும். 1989இல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்தில் தோனோமுரா குழுவினர், எலெக்ட்ரான் போவதற்கு இரண்டு வழி வைத்து, ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரே ஒரு புள்ளியாக விழுந்தது. முதலில் புள்ளிகள் கண்டபடி சிதறித் தெரிந்தன, சுமார் 70,000 சேர்ந்தபோது வரிவரியாகப் பட்டைகள் எழுந்து நின்றன. ஒரு வழி மட்டும் இருந்தால் எலெக்ட்ரான் வந்து விழக்கூடிய இடத்தில், இரண்டு வழியும் இருக்கும்போது விழுவதே இல்லை! வழியைக் கூட்டினால் வரத்து குறைகிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அதிசயமாகவே இருக்கிறது, குவாண்டம் இயற்பியலின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1926இல் மாக்ஸ் போர்ன் என்ற இயற்பியலாளர் கொடுத்த விதி இதை விளக்குகிறது. இரண்டு வழிக்கும் உரிய அலைகளை முதலில் கூட்டு, பிறகு வர்க்கப்படுத்து, வருவதுதான் எலெக்ட்ரான் அங்கே விழும் வாய்ப்பு. அலைக்கு ஏற்றமும் உண்டு இறக்கமும் உண்டு, ஒன்றின் ஏற்றமும் மற்றதன் இறக்கமும் சந்திக்கும் இடத்தில் கூட்டுத்தொகை பூஜ்யம்.

இப்போது நிலாவுக்கு வரலாம். "பார்ப்பது" என்று விஞ்ஞானிகள் சொல்வதற்கு மனிதக் கண் தேவையில்லை. எலெக்ட்ரான் எந்த வழியில் போனது என்ற தடயம் எங்காவது பதிந்துவிட்டாலே பட்டைகள் மறைந்துவிடும். வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறிலும் இந்தப் பட்டைகளைக் கண்டார்கள். பிற்பாடு அதே மாதிரிச் சோதனைகளில் குழாய்க்குள் கொஞ்சம் வாயுவை விட்டதும் பட்டைகள் மங்கின, மோதிய வாயுவே தடயத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. நிலாவின் மேல் சூரிய வெளிச்சம் ஓயாமல் மோதித் தடயத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால் நாம் தூங்கினாலும் அது அங்கேதான் இருக்கும். பூனை விஷயம், 1935இல் ஷ்ரோடிங்கர் என்ற இயற்பியலாளர் இந்தக் கோட்பாட்டைப் பெரிய பொருள்களுக்கு அப்படியே நீட்டினால் எவ்வளவு விபரீதமாகிறது என்று காட்ட எழுதிய கற்பனை. எந்தப் பூனையையும் யாரும் பெட்டியில் அடைக்கவில்லை.

கணக்கு இல்லாமல், என்ன கண்டுபிடித்தார்கள் என்பது முழுக்கப் புரியும். பட்டைகள் ஏன் அந்த இடத்திலேயே விழுகின்றன என்று தெரிய, சைன் அலைகளைக் கூட்டப் பழக வேண்டும். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் கலப்பெண் படியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

கேள்வி: என் மாமியாருக்கு இனிப்பு நீர். நேரடி விற்பனை செய்யும் ஒருவர் 'குவாண்டம் சக்திக் காப்பு' போட்டால் ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அக்கா. மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அதுதான் இதில் உயிர்போகிற விஷயம். இந்த மாதிரிக் காப்பு எதுவும் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்காது. அவரிடம் எதை, யார், எப்படி அளந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், உடலைக் காக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட காப்பு, கழுத்துச்சங்கிலி முதலான 10 பொருள்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டு, போட வேண்டாம் என்று எச்சரித்தது. மருத்துவத்தில் குவாண்டம் உண்மையிலேயே உதவும் இடம் எம்ஆர்ஐ ஸ்கேன், நம் உடம்புத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருவின் சுழற்சியை வைத்துத்தான் அந்தப் படம் எடுக்கிறார்கள். மாமியாரை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள், ஒரு ரிங்கிட்தான்.

கேள்வி: நான் நான்காம் படிவ மாணவி. குவாண்டம் இயற்பியலில் நம்மவர்கள் யாராவது சாதித்திருக்கிறார்களா?

பதில்: நிறையப் பேர், தங்கச்சி. சத்யேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார், போசான் என்ற துகள் வகையின் பெயர் போஸின் பெயரிலிருந்து வந்தது. தமிழரான சந்திரசேகர் 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிந்து ஓய்ந்த நட்சத்திரம் எந்த எடை வரை தாங்கும் என்பதைக் குவாண்டம் விதிகளையும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டார். இன்று நாம் சொல்லும் எல்லை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பெரியவர்கள் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள், அவர் கணக்கை விடவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது.