பாஸ்புக்கும் காசோலையும் வக்கீல் கையில்

கேள்வி: என் கணவர் சாலை விபத்தில் இறந்ததற்கான இழப்பீடு என் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. பாஸ்புக்கும், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளும் வக்கீலிடம் இருக்கின்றன. ஆரம்பத்தில் பேசியபடி மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால்தான் அவற்றையும் வழக்குக் கட்டையும் (வழக்கு ஆவணங்கள்) தருவேன் என்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் வங்கிக்குப் போங்கள். அந்தக் காசோலைகளுக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பாஸ்புக் புதிதாகவே கிடைக்கும்.

"ஜெயித்தால் இத்தனை பங்கு" என்று பேசுவதையே, வக்கீல்களின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதி 20 தடை செய்கிறது. நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பேச்சு செல்லாது. இந்தப் பங்குக் கணக்கு பெரும்பாலும் வக்கீல் அறையில் தொடங்குவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்துத் தாளோடு நிற்கும் தரகரிடம் தொடங்குகிறது. கணக்கு திறந்து தருவதும் அவரே, காசோலைப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வதும் அவரே. தரகர் வைத்து வழக்குப் பிடிப்பதும் விதிப்படி குற்றம்தான். யார் கேட்கிறார்கள்?

கட்டு விஷயம் சுலபம். ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் (அவரை வக்கீலாக அமர்த்தியவரின்) கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பண விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் உங்களிடம் காட்டுவார்கள். ஃபீஸ் பேசி முடிக்காமல் விட்டிருந்தால், வழக்கு முடிந்ததும் தன் கையில் இருக்கும் கட்சிக்காரர் பணத்திலிருந்து வக்கீல் பிடித்துக்கொள்ளலாம் என்கிறது விதி 29. ஆனால் எவ்வளவு? நீதிமன்ற விதிப்படியான ஃபீஸ், அல்லது வழக்கு முடிவதற்குள் பேசி முடித்த தொகை. மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதுவும் அவர் கையில் உள்ள பணத்திலிருந்துதான். உங்கள் வங்கிக் கணக்கு அவர் கையல்ல. காசோலையைப் பிடித்து வைத்திருப்பதால் அது அவர் கையாகிவிடாது. சரி, அவர் உழைத்ததற்கு நியாயமான ஃபீஸ் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு.

அப்புறம், கட்டையும் கணக்கு நகலையும் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். கணக்கு நகல் தருவது விதி 30-இன்படி அவர் கடமை. மசியாவிட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார். புகாரை அந்தக் கவுன்சில் ஓராண்டுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும் என்கிறது வழக்கறிஞர்கள் சட்டம். அதாவது தாமதத்துக்கு மருந்து, டில்லிக்கு அனுப்புவது! எனவே கடிதத்தின் நகல், தபால் ரசீது, வங்கி ஒப்புகை மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.