வாசகர் கேள்வி-பதில்: சிறிய அறையில் ஹோம் தியேட்டர்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டின் மாடியறை 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்டது. அகலச் சுவரில் டிவியும் எதிர்ச்சுவரை ஒட்டி சோபாவும் உள்ளன. 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும்) பொருத்த வந்தவர், நான்கு ஸ்பீக்கர்களைக் கூரையை ஒட்டி நான்கு மூலைகளிலும் மாட்டி, சென்டர் ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே உள்ள அலமாரித் தட்டினுள்ளும், சப்வூஃபரை அதன் பக்கத்து மூலையிலும் வைத்துவிட்டார். வசனம் தெளிவாகக் கேட்கவில்லை. சப்வூஃபர் தரும் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி மட்டும் அறை முழுவதும் முழங்குகிறது. வேறு ஸ்பீக்கர்கள் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் இடம் மாற வேண்டியது ஸ்பீக்கர்கள் அல்ல, உங்கள் சோபாதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்வதால், 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் அளவிலும், 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் அளவிலும் தாழ்ந்த ஒலி சுவர்களுக்கிடையே நிலைகொண்டு வலுக்கிறது. உங்கள் அறையின் உயரமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸில் அந்த வலு இரட்டிப்பாகச் சேர்கிறது. இந்த அழுத்தம் மிகுதியாக இருப்பது சுவரோரத்திலும் மூலையிலும்தான் என்பதால், மூலையில் சப்வூஃபரை வைத்து, பின்சுவரில் தலை சாய்த்து அமர்ந்தால் முழக்கம்தான் கேட்கும். அறையின் நட்டநடுவில் அமர்ந்தாலோ அதே 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். ஆகவே பின்சுவரிலிருந்து உங்கள் காது 3 அடி தள்ளி இருக்குமாறு சோபாவை முன்னே இழுங்கள். வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரக்கூடும். ஆயினும் இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்ற மாற்றங்களின் பயன் பாதியாகிவிடும்.

அடுத்து, முன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் கூரையிலிருந்து இறக்கி, அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில், சுவரிலிருந்து 1 அடி முன்னால், ஒன்றுக்கொன்று 7 அடி இடைவெளியில் நிறுத்துங்கள். 8 அடி தொலைவில் அமரும் உங்களுக்கு அவை நேர்முன் திசையிலிருந்து இருபுறமும் தலா ஏறக்குறைய 24 பாகைக் கோணத்தில் அமையும். 22 முதல் 30 பாகை வரை என்ற பரிந்துரைக்குள் இது அடங்குகிறது. வசனத்தின் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்தே வருவதால், அதைத் தட்டின் உட்பக்கமாகத் தள்ளாமல், விளிம்போடு விளிம்பாக இழுத்து, காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வையுங்கள். பின் ஸ்பீக்கர்களைப் பின்மூலைகளில் விடாமல், பக்கச் சுவர்களில், காதுக்கு ஒன்றரை முதல் 2 அடி பின்னாலும் ஓர் அடி மேலேயும் மாட்டினால் அவை நேர்முன் திசையிலிருந்து 110 பாகையை ஒட்டி அமையும்.

சப்வூஃபருக்கு இடம் காண எளிய வழி ஒன்று உண்டு. அதைச் சோபாவில் நீங்கள் அமரும் இடத்தில் தற்காலிகமாக வைத்து, பாஸ் தொடர்ந்து வரும் ஓர் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்தபடி கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் ஒலி ஏற்ற இறக்கமின்றிச் சீராக ஒலிக்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் தமக்குள் மாற்றினாலும் அறையின் விளைவு மாறாது என்பதே இதற்கு அடிப்படை. அறையில் இரும்பு பீரோ இருந்தால் அதன் கதவு பாஸுக்கு அதிரும். அந்த அதிர்வைச் சப்வூஃபரின் குறை என்று எண்ணிவிட வேண்டாம்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் கைதட்டினால் படபடவென்று எதிரொலி வரும். அதுவும் வசனத்தைக் குலைக்கும். சோபாவுக்கு முன்னே கனமான பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். சன்னலுக்கு மடிப்பு நிறைந்த தடித்த திரை போடுங்கள். ஒருவர் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தும்போது, அமர்ந்திருக்கும் உங்களுக்கு அதில் முன் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கே திரையோ புத்தக அலமாரியோ வருவது நல்லது. முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் பயனற்றது. பாஸை அது தொடவே தொடாது. இறுதியாக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் அவற்றை ‘ஸ்மால்’ என்றும், எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் வையுங்கள். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்களாக இருந்தால் 120 வரை உயர்த்தலாம். ரிசீவரின் தானியங்கி அளவீடு சப்வூஃபரின் தொலைவை டேப்பால் அளந்து வருவதைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள். சப்வூஃபரின் உள்ளே ஏற்படும் தாமதத்தையும் அது சேர்த்தே கணக்கிடுகிறது.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீடு சரிவான ஓட்டுக் கூரை கொண்டது. மேல்நோக்கி ஒலிக்கும் அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கலாமா?

பதில்: தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் அட்மாஸ் வசதிக்காக வாங்குவதென்றால் வேண்டாம். மேல்நோக்கிய ஸ்பீக்கர்களின் ஒலி தட்டையான கூரையில் பட்டுத் திரும்பி உங்களை வந்தடைய வேண்டும். சரிவான ஓட்டில் பட்டால் அது வேறு திசைக்குச் சிதறிவிடும். மேலிருந்து வரும் ஒலி வேண்டுமென்றால், அட்மாஸ் ரிசீவர் ஒன்றை வாங்கி, உங்கள் இருக்கைக்குச் சற்று முன்னால் செல்லும் உத்திரத்தில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களைக் கீழ்நோக்கி மாட்டுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் எந்த ஸ்பீக்கரையும் ஒட்டி வைக்காதீர்கள். காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் கெட்டுவிடும்.