மாங்காய் விலை ஆய்வு: ஊரைத் தேடாதீர்கள், சிக்கலைத் தேடுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பகுதிப் பெங்களூரா மாங்காய்க்கு மாங்கூழ் ஆலைகள் தரும் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பது என் ஆய்வேட்டுத் தலைப்பு. ‘கிருஷ்ணகிரி மாங்காய் விலை’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் செய்தித்தாள் செய்திகள்தான் வருகின்றன. ஆய்விதழ்த் தளங்களில் ஒன்றுமே வருவதில்லை. 30 மேற்கோள்களாவது வேண்டும் என்கிறார் வழிகாட்டி. எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிக் குறிப்பது?

பதில்: தலைப்பில் குறையில்லை, தேடுசொல்லில்தான் குறை. கிருஷ்ணகிரி என்ற பெயரை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய கட்டுரையை எழுதியவர் கென்யாவின் தேயிலையைப் பற்றியோ மகாராஷ்டிரத்தின் திராட்சையைப் பற்றியோ எழுதியிருக்கலாம். ஊர் வேறு, சிக்கல் ஒன்றுதான்.

அந்தச் சிக்கலைப் பொருளாதாரம் என்ன பெயரில் அழைக்கிறது என்று பாருங்கள். விற்பவர் ஆயிரக்கணக்கில் இருந்து வாங்குபவர் சிலராக இருந்தால் அது ஆலிகாப்ஸனி (oligopsony). நுகர்வோர் கொடுக்கும் விலைக்கும் விவசாயி கையில் சேரும் விலைக்கும் உள்ள இடைவெளி பிரைஸ் ஸ்ப்ரெட். கூழின் ஏற்றுமதி விலை மாறும்போது தோட்டத்து விலை எவ்வளவு, எத்தனை நாளில் மாறுகிறது என்பது பிரைஸ் டிரான்ஸ்மிஷன். ஆலையோடு முன்கூட்டியே பேசி விளைவிப்பது கான்ட்ராக்ட் ஃபார்மிங். இந்த நான்கையும் ஆங்கில எழுத்தில் தட்டினாலே, இதுவரை கண்ணில் படாத கட்டுரைகள் வரத் தொடங்கும்.

ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி போடுங்கள்: பயிர், சிக்கல், இடம். சிக்கல் பத்தியில் மேலே சொன்ன நான்கு சொற்கள். பயிர்ப் பத்தியில் மேங்கோ, பெங்களூரா, அதன் இன்னொரு பெயரான தோதாபுரி. தோதாபுரியை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் சேருங்கள். இடப் பத்தியில் தமிழ்நாடு, இந்தியா ஆகியவற்றோடு ஆந்திரத்தின் சித்தூரையும் கட்டாயம் போடுங்கள். அதே ரகம், அதே கூழ்த் தொழில், எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரே பத்தியில் உள்ள சொற்களை ‘ஆர்’ போட்டு இணைத்து அடைப்புக்குள் வையுங்கள், பத்திகளை ‘ஆண்ட்’ போட்டு இணையுங்கள். இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள், சில தளங்களில் சிறிய எழுத்து வேலை செய்யாது. பிரைஸ் ஸ்ப்ரெட் போன்ற இரட்டைச் சொற்களுக்கு மேற்கோள்குறி இடாவிட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, எங்கேயோ ‘பிரைஸ்’ எங்கேயோ ‘ஸ்ப்ரெட்’ என்று இருக்கும் கட்டுரையெல்லாம் வந்து குவியும்.

ஒன்றும் வரவில்லையென்றால் இடப் பத்தியை முதலில் நீக்குங்கள். அப்போதும் குறைவென்றால் மேங்கோவை எடுத்துவிட்டுப் பழம், பதப்படுத்தல் என்று விரியுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் சொற்களைத் தலைப்பிலும் சுருக்கவுரையிலும் மட்டும் தேடச் சொல்லுங்கள். எந்தத் தேடலில் எத்தனை வந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். வாய்மொழித் தேர்வில் “இலக்கிய மீளாய்வை எப்படிச் செய்தீர்கள்?” என்று, அதாவது முந்தைய ஆய்வுகளை எப்படித் தேடிப் படித்தீர்கள் என்று கேட்டால் அந்தத் தாளே பதில்.

இனி எங்கே தேடுவது. அரசுக் கல்லூரி என்பதால் முதல் வேலையாக நூலகரைப் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. எல்செவியர், ஸ்பிரிங்கர், வைலி, சேஜ் எல்லாம் அதில் உண்டு. கல்லூரி பதிவு செய்திருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய உங்களுக்குத் தனிக் கணக்கு கிடைக்குமா என்று இரண்டையும் கேளுங்கள். பணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததுமே திரும்பிவிடும் மாணவர்கள் பலர், தங்களுக்கு ஏற்கெனவே உரிமையுள்ள கட்டுரையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இலவசத் தளங்களில் உங்களுக்கு மிகவும் உதவக்கூடியது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆக்எகான் சர்ச். இந்திய வேளாண் பொருளாதார இதழ்களின் பழைய இதழ்கள் முழுக் கட்டுரையாகவே அங்கே கிடைக்கும். ஐடியாஸ் தளத்தில் பொருளாதார ஆய்வுத்தாள்கள் (இதழில் வருமுன் வெளியிடப்படும் வரைவுகள்), பொருளாதார ஆய்வுகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் ஜே.இ.எல். குறியீட்டின்படி அடுக்கப்பட்டிருக்கும். வேளாண் சந்தைக்குரிய குறியீடு கியூ13, பண்ணைக் குடும்பங்களுக்கு கியூ12. சொல் எதுவும் தட்டாமல் கியூ13 பட்டியலைப் புரட்டினாலே, நினைத்துப் பார்க்காத தேடுசொற்கள் அகப்படும். ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி 3 முதல் 5 ஆண்டுகள் இருக்காது. அங்கே இல்லையென்பதால் புதிய கட்டுரையே வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் அதை விடாதீர்கள். அதன் மேற்கோள் பட்டியல் பின்னோக்கிக் கூட்டிப்போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள ‘சைட்டெட் பை’யைத் தட்டினால் அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகள் வரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடும் கட்டத்தை டிக் செய்து மேங்கோ என்று போடுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் பாருங்கள். அவை இயல் இயலாகத் தனிக் கோப்புகளாக இருக்கும், இலக்கிய மீளாய்வு இயலை மட்டும் இறக்கினால் போதும். ஆனால் அதை வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேற்கோள் காட்டப்பட்டதைப் படிக்காமல் அப்படியே எடுத்தால், முதலில் எழுதியவர் செய்த ஆண்டுப் பிழையும் பக்கப் பிழையும் உங்கள் ஏட்டுக்கும் வந்துவிடும்.

கிருஷ்ணகிரி என்ற பெயர் தேவைப்படுவது புள்ளிவிவரத்தில். அங்கேதான் பெரிய பொறியும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய மாவட்டக் கணக்கு எல்லாம் தர்மபுரி என்ற பெயரில்தான் இருக்கும். 2001 கணக்கெடுப்பு வெளியானபோது தர்மபுரியின் மக்கள்தொகை 28,56,300. 2011இல் 15,06,843. மக்கள் எங்கும் போய்விடவில்லை, எல்லைக்கோடு மாறியது. மாம்பழப் பரப்பளவை 1995 முதல் 2020 வரை வரைபடமாகப் போட்டால் நடுவில் இதேபோல் ஒரு பள்ளம் விழும், அதை வறட்சி என்று விளக்கிவிடக்கூடாது. 2004க்குப் பிறகு இரண்டு மாவட்டங்களையும் கூட்டி ஒரே வரிசையாக்குங்கள், அல்லது பிரிந்த பிறகான ஆண்டுகளை மட்டும் எடுங்கள். எதைச் செய்தீர்கள் என்று அட்டவணைக்கடியில் எழுதுங்கள். சித்தூரும் 2022 ஏப்ரலில் பிரிக்கப்பட்டது, ஒப்பிடும்போது அதையும் கவனியுங்கள்.

மேற்கோள் முறைக்கு வருவோம். அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பா வேறா என்று துறையில் கேட்டு, கடைசிவரை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். சோட்டெரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலைத் தானே அமைத்துத் தரும், ஆனால் நம் பெயர்களில் அது தடுமாறும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துத்தான். ‘சுவாமிநாதன் எம்.எஸ்.’ என்று முன்னெழுத்து பின்னால் வந்தால் ‘எம்.எஸ்.’ குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். சுவாமிநாதனை அந்தக் கட்டத்துக்கும் எம்.எஸ்.ஸை மற்றதற்கும் கையால் மாற்றுங்கள். பட்டியலில் ஒற்றை எழுத்தில் தொடங்கும் பதிவு எங்கே தெரிந்தாலும் இந்தப் பிழைதான்.

ஒரே ஆய்வு முதலில் ஆய்வுத்தாளாகவும் பிறகு இதழிலும் வந்திருந்தால் இதழில் வந்ததையே படித்துக் குறியுங்கள். நடுவர் பார்வைக்குப் பிறகு எண்கள் மாறியிருக்கக்கூடும். அரசு அறிக்கைக்குத் துறைதான் ஆசிரியர். 2021-22 என்பது கணக்கு ஆண்டு, அச்சான ஆண்டு வேறு: முன்னது தலைப்பில், பின்னது ஆண்டு இடத்தில். அட்டவணை எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். ஏ.பி.ஏ. முறையில், நூலாசிரியர் தொலைபேசியிலோ கடிதத்திலோ உங்களிடம் சொன்னது உரைக்குள் மட்டும் வரும், பட்டியலில் வராது. மண்டி வியாபாரிகளிடமும் விவசாயிகளிடமும் நீங்கள் எடுத்த நேர்காணல் உங்கள் சொந்தத் தரவு. அது ஆய்வு முறை இயலுக்கு உரியது.

சாட்பாட்டிடம் மேற்கோள் கேட்டு வாங்கியிருந்தால் ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரைக்குரிய நிரந்தர இணைய அடையாள எண்) உலாவியில் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு நிஜ இதழின் பெயரும் நம்பும்படியான பக்க எண்ணும் போட்டுத் தருவது அவற்றுக்கு வழக்கம். 10 என்று தொடங்கும் அந்த எண் வேறு கட்டுரைக்குப் போனாலும் எங்குமே போகாவிட்டாலும் நீக்கிவிடுங்கள். மீதி 22தான் தேறுகிறது என்றால், 22ஐயும் மேலே சொன்ன தேடல் தாளையும் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.