பள்ளத்து வயலுக்குத் திறந்தால் மோட்டார் ட்ரிப் ஆவது ஏன்?

கேள்வி: கிணற்று மேட்டில் 5 எச்பி மோனோபிளாக், ஹெட் ரேஞ்ச் (பம்ப் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயர அளவு) 24–42 மீட்டர், தண்ணீர் 5 மீட்டர் ஆழத்தில். ஒரே மெயின் லைனில் மேட்டுத் தொட்டிக்கும் பள்ளத்து வயலுக்கும் பாய்கிறது. தொட்டிக்கு விட்டால் டெலிவரி கேஜ் 3.5 கிலோ. வயலுக்குத் திறந்தால் 1.2 கிலோ, ஆம்ப்ஸ் ஏறி ட்ரிப் ஆகிறது. கடையில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேஜில் 1 கிலோ அழுத்தம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் ஹெட். வயலுக்கு விடும்போது 12-உடன் உறிஞ்சும் 5-ஐச் சேர்த்தால் 17 மீட்டர்தான், ரேஞ்சுக்கு வெளியே. எதிர்ப்பு குறைந்தால் பம்ப் அதிகத் தண்ணீரைத் தள்ளும், மோட்டார் அதிக ஆம்ப்ஸ் இழுக்கும். வால்வை மூடினால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்று பலர் நினைப்பது இந்த சென்ட்ரிஃபியூகல் (மையவிலக்கு) வகைப் பம்புக்கு நேர் தலைகீழ்.

மலிவான வழி, வயல் கிளையில் ஒரு குளோப் வால்வு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்த ஏற்ற வால்வு). கிளாம்ப் மீட்டரை மாட்டிக்கொண்டு, ஆம்ப்ஸ் நேம் பிளேட் அளவுக்குக் கீழே இறங்கி, கேஜ் 2.2 கிலோவுக்கு வரும்வரை மூடி, ஹேண்டிலைக் கட்டிவிடுங்கள். மொத்த ஹெட் 27 மீட்டர் ஆகிவிடும். இதற்குப் பதில் கேட் வால்வைப் போட்டுப் பாதி திறந்தே வைத்தால் அதிர்ந்து அதிர்ந்து சீட் தேயும்.

கிளைகள் பல, ஆள் நிற்க முடியாது என்றால் மெயின் லைனில், பம்பை அடுத்து, பிரஷர் சஸ்டெய்னிங் வால்வு போடுங்கள். பம்ப் பக்க அழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே விழாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். வயல் பக்க அழுத்தத்தைக் குறைக்கும் பிரஷர் ரெடியூசிங் வால்வும் பார்க்க அதேபோல இருக்கும், கடையில் மாற்றிக் கொடுத்துவிடலாம். பைலட்டுக்கு (பெரிய வால்வை இயக்கும் சிறு வால்வு) அழுத்தத்தைக் கொண்டுபோகும் மெல்லிய சென்சிங் குழாய் பம்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள். வயல் பக்கத்திலிருந்து வந்தால் அது ரெடியூசிங். மணல் வரும் கிணறானால் முன்னால் ஃபில்டர் கட்டாயம், இல்லாவிட்டால் பைலட் அடைத்துக்கொள்ளும்.

விஎஃப்டியைப் பிரஷர் சென்சாரோடு விற்பார்கள். வயலுக்குத் திறந்து பிரஷர் விழுந்ததும் அது வேகத்தைக் கூட்டப் பார்க்கும். உங்களுக்கு வேண்டியதோ குறைப்பது. ஃப்ளோ மீட்டர் (நீரோட்ட அளவி) சிக்னலில் ஓட்டினால் சரிப்படும், ஆனால் செலவு இன்னும் ஏறும். தமிழ்நாட்டு இலவச விவசாய இணைப்பில் மின்சார மிச்சம் பணமாகத் திரும்பாது. கட்டணம் கட்டும் தொழிற்சாலை என்றால் கணக்கு வேறு.

கேள்வி: அந்த வால்வைச் சக்‌ஷன் (உறிஞ்சும்) பக்கம் வைக்கலாமா? அங்கே இடம் இருக்கிறது.

பதில்: கூடவே கூடாது. இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) வாயில் அழுத்தம் விழுந்து தண்ணீர் ஆவிக் குமிழிகளாகும். அவை உள்ளே உடையும்போது கூழாங்கல் உருளும் சத்தம் கேட்கும். இம்பெல்லரைக் கழற்றினால் இறகுகளில் பொத்தல் பொத்தலாக அரிப்பு தெரியும்.